ஹம்பிரி டேவி

சர் ஹம்பிரி டேவி (டிசம்பர் 17, 1778 – மே 29, 1829) இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்த புகழ்பெற்ற வேதியியலாளர் ஆவார். பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், பேரியம், இசுட்ரான்சியம் ஆகிய தனிமங்களை மின்பகுப்பு முறையில் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் இவரே. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான காப்பு விளக்கை அமைத்தவர் என்றும், மைக்கேல் பாரடேயை அறிவியல் உலகிற்குக் கொண்டு வந்தவர் என்றும் இவர் பரவலாக அறியப்படுகிறார்.

இவை தவிர, உலோக அரிமானத்தைத் தடுக்கும் துறைக்கும் டேவி அடித்தளம் இட்டார். ஓர் உலோகத்தைக் காக்க, அதைவிட எளிதில் அரிபடும் வேறோர் உலோகத்தை அதனுடன் தொடுத்து வைத்தால் போதும் என்பதை 1824 ஆம் ஆண்டில் இவர் செய்து காட்டினார். இன்று எஃகின் மீது இடப்படும் நாகப் பூச்சும், கப்பல்களின் அடிப்பகுதியில் பொருத்தப்படும் நாகக் கட்டிகளும் இக்கொள்கையைப் பயன்படுத்தியே எஃகைக் காக்கின்றன. ஆயினும் டேவியின் வாழ்நாளில் இக்கண்டுபிடிப்பு ஒரு தோல்வி என்றே கருதப்பட்டது.

இளமைக்காலம்

டேவி கார்ன்வாலில் உள்ள பென்சான்சு என்னும் கடற்கரை நகரில் பிறந்தார். தந்தை இராபர்ட் டேவி மரச் செதுக்குத் தொழில் செய்தவர். தாயார் கிரேசு மில்லட். ஐந்து பிள்ளைகளில் டேவியே மூத்தவர். 1794 ஆம் ஆண்டு தந்தை இறந்தபோது குடும்பத்திற்குக் கடன் மிஞ்சியது. அடுத்த ஆண்டு டேவி, ஜான் பிங்காம் போர்லேசு என்ற அறுவை மருத்துவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். மருந்து கலக்கும் அறையில்தான் வேதிப்பொருள்களுடனான இவரது பழக்கம் தொடங்கியது. 1797 ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரின் நூலைப் படித்ததில் இருந்து வேதியியலில் தீவிர நாட்டம் கொண்டார்.

அக்காலத்தில் கார்ன்வால் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. அருகில் இருந்த ஏல் துறைமுகத்தில் செம்பு உருக்காலை ஒன்று இயங்கி வந்தது. எட்வர்ட்சு என்ற வேதியியலாளர் டேவிக்குத் தம் ஆய்வுக்கூடத்தைப் பயன்படுத்த இசைவு அளித்ததுடன், அத்துறைமுகத்தின் நீரடைப்புக் கதவுகளையும் சுட்டிக் காட்டினார். செம்பும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டபடி கடல்நீரில் நனைந்திருந்த இடங்களில் அக்கதவுகள் வழக்கத்தை விட விரைவாக அழிந்து கொண்டிருந்தன. இதற்கான காரணம் அன்று எவருக்கும் தெரியாது. கால் நூற்றாண்டு கழித்து டேவி விடை கண்ட கேள்வி, அவரது இளமையிலேயே இவ்வாறு கண்முன் இருந்தது.

பிரிசுட்டல் நகரில்

1798 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் டேவி பிரிசுட்டல் நகருக்குச் சென்று, வளிமங்களைக் கொண்டு நோய் தீர்க்க முயன்ற மருத்துவர் தாமசு பெடோசின் நிறுவனத்தில் ஆய்வுக்கூடப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். அங்கு நைட்ரசு ஆக்சைடு என்னும் சிரிப்பூட்டும் வாயுவைத் தாமே பலமுறை சுவாசித்துப் பார்த்து அதன் விளைவுகளைப் பதிவு செய்தார். 1800 இல் வெளியான தமது நூலில், அறுவை மருத்துவத்தின்போது வலியைக் குறைக்க அவ்வாயு பயன்படக்கூடும் என்று குறிப்பிட்டார். மருத்துவ உலகம் இதனைக் கவனிக்க மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. கவிஞர்களான கோலரிட்ச், சதே ஆகியோருடன் டேவிக்கு நட்பு ஏற்பட்டதும் இந்நகரிலேயே ஆகும்.

மின்சாரமும் வேதியியலும்

1800 ஆம் ஆண்டில் இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டா தமது மின்னடுக்கை அறிவித்தார். நாகத் தகடும் செம்பு அல்லது வெள்ளித் தகடும் மாறிமாறி அடுக்கப்பட்டு, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகள் வைக்கப்பட்ட இக்கருவியே தொடர்ச்சியான மின்னோட்டம் தந்த முதல் கருவியாகும். வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவதாலேயே மின்சாரம் உண்டாகிறது என்று வோல்ட்டா கருதினார். அடுக்கினுள் நிகழும் வேதிவினைகள் இதில் இன்றியமையாப் பங்கு வகிக்கின்றன என்பதை டேவி தொடக்கத்திலேயே வலியுறுத்தினார்.

1801 இல் டேவி இலண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிட்யூசனில் விரிவுரையாளராகச் சேர்ந்து, அடுத்த ஆண்டே பேராசிரியரானார். செய்முறை விளக்கங்களுடன் கூடிய இவரது சொற்பொழிவுகளைக் கேட்கப் பெருந்திரளான மக்கள் கூடினர். 1803 இல் ராயல் சொசைட்டி எனப்படும் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1805 இல் அக்கழகத்தின் கோப்ளி பதக்கத்தைப் பெற்றார்.

1806 ஆம் ஆண்டு நவம்பரில் அரச கழகத்தில் ஆற்றிய பேக்கரியன் விரிவுரையில், பொருள்களின் வேதி ஈர்ப்புக்கும் அவற்றின் மின்நிலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று டேவி விளக்கினார். ஒரு பொருளின் மின்நிலையை மாற்றினால், அது பிற பொருள்களுடன் சேரும் இயல்பும் மாறும் என்பது இதன் சாரம். பிரித்தானியாவும் பிரான்சும் போரில் ஈடுபட்டிருந்த நேரத்திலும் பிரெஞ்சு அறிவியல் கழகம் இவ்விரிவுரைக்காக இவருக்கு நெப்போலியன் நிறுவிய பரிசை அளித்தது. பின்னாளில் அரிமானத் தடுப்பு முறைக்கு வித்தானதும் இக்கருத்தே என்பது குறிப்பிடத்தக்கது.

1807 அக்டோபரில் டேவி உருக்கிய பொட்டாசு காரத்தின் வழியே மின்சாரம் செலுத்திப் பொட்டாசியத்தைப் பிரித்தார். சில நாட்களில் சோடியமும் கிடைத்தது. 1808 இல் கால்சியம், பேரியம், இசுட்ரான்சியம், மக்னீசியம் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தார். 1810 இல் குளோரின் ஒரு தனிமமே என்று நிறுவி அதற்கு அப்பெயரைச் சூட்டினார்.

1812 ஏப்ரலில் டேவி சர் பட்டம் பெற்றார். மூன்று நாட்களுக்குப் பின் ஜேன் ஏப்ரீசு என்ற செல்வம் மிக்க கைம்பெண்ணை மணந்தார். அவ்வாண்டிலேயே நைட்ரசன் முக்குளோரைடு வெடித்ததில் இவரது கண் காயமுற்றது. எழுத உதவி தேவைப்பட்ட அந்நிலையில், புத்தகம் கட்டும் தொழில் பயின்ற மைக்கேல் பாரடே என்ற இளைஞர் இவருக்கு அறிமுகமானார். 1813 மார்ச்சில் பாரடே ராயல் இன்ஸ்டிட்யூசனில் உதவியாளராக அமர்த்தப்பட்டார்.

காப்பு விளக்கு

1812 ஆம் ஆண்டு மே 25 அன்று வட இங்கிலாந்தின் பெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 92 பேர் இறந்தனர். சுரங்கத்தில் கசியும் மீத்தேன் வளிமம் விளக்கின் சுடரால் தீப்பற்றுவதே இத்தகைய வெடிப்புகளுக்குக் காரணம். 1815 இல் இச்சிக்கல் டேவியின் முன் வைக்கப்பட்டது. சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலையை அமைத்தால், வலையின் உலோகம் வெப்பத்தை ஈர்த்துக் கொள்வதால் தீ வெளியே பரவாது என்பதைச் சில மாதங்களிலேயே கண்டறிந்தார். 1816 சனவரியில் அவ்விளக்கு சுரங்கத்தில் சோதிக்கப்பட்டது.

டேவி இதற்குக் காப்புரிமை பெற மறுத்து விட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜார்ஜ் இசுட்டீபன்சனும் ஒரு காப்பு விளக்கை அமைத்திருந்ததால், முதலில் கண்டவர் யார் என்பது பற்றிக் கடும் சர்ச்சை எழுந்தது. எனினும் நாட்டு மக்களிடையே டேவியின் மதிப்பு உச்சத்தை எட்டியது. 1820 இல் இவர் அரச கழகத்தின் தலைவரானார். அறிவியலைக் கொண்டு எந்த நடைமுறைச் சிக்கலையும் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை அவருக்கும் அரசுக்கும் இருந்த இவ்வேளையில்தான் கடற்படையின் வேண்டுகோள் வந்தது.

கடற்படையின் சிக்கல்

மரக் கப்பல்களுக்குக் கடலில் இரண்டு பகைகள் இருந்தன. ஒன்று, மரத்தைத் துளைத்து உண்ணும் கப்பல் புழு. மற்றொன்று, கப்பலின் அடியில் ஒட்டி வளர்ந்து அதன் வேகத்தைக் குறைக்கும் பாசிகளும் கொட்டலசுகளும். இவ்விரண்டையும் தடுக்கப் பிரித்தானியக் கடற்படை 1761 ஆம் ஆண்டில் அலாரம் என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதியை மெல்லிய செப்புத் தகடுகளால் போர்த்திப் பார்த்தது. கப்பல் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து திரும்பியபோது, மரம் புழு அரிக்காமல் இருந்தது. ஆனால் செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் பெரிதும் அரிக்கப்பட்டிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த தாள் கிழியாமல் இடையே நின்ற இடங்களில் மட்டும் ஆணிகள் நலமாக இருந்தன. ஏல் துறைமுகத்துக் கதவுகளை அழித்ததும் இதே விளைவுதான். பின்னர் கடற்படை இரும்பு ஆணிகளுக்கு மாற்றாகச் செம்புக் கலவை ஆணிகளைப் பயன்படுத்தி, கப்பல்கள் அனைத்திற்கும் செப்புப் போர்வை இட்டது.

ஆனால் செப்புத் தகடுகளும் நிலைத்து நிற்கவில்லை. கடல்நீரில் அவை சிறிது சிறிதாகக் கரைந்து மெலிந்தன. தகடுகளை மீண்டும் மீண்டும் மாற்றுவது பெரும் செலவாக இருந்தது. தகட்டின் தரம் குறைந்ததே காரணம் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 1823 இல் கடற்படை வாரியம் இதுபற்றி அரச கழகத்தின் உதவியை நாடியது. கழகத்தின் தலைவரான டேவி இப்பணியைத் தாமே ஏற்றுக் கொண்டார்.

டேவியின் விளக்கமும் சோதனைகளும்

1824 சனவரி 22 அன்று டேவி தமது முதல் கட்டுரையை அரச கழகத்தில் படித்தார். செம்பு அரிக்கப்படுவதற்கு அதில் உள்ள மாசுகளை விட, கடல்நீரும் அதில் கரைந்துள்ள காற்றும் செம்பின் மீது நிகழ்த்தும் வினையே முதன்மையான காரணம் என்று அவர் கண்டார். 1806 ஆம் ஆண்டின் தமது கொள்கையை இங்கு பயன்படுத்தினார். செம்பு கடல்நீரில் இருக்கும்போது சற்றே நேர்மின் தன்மை கொண்டுள்ளதால்தான் ஆக்சிசன் போன்றவற்றுடன் வினைபுரிகிறது. அதனைச் சற்றே எதிர்மின் தன்மை உடையதாக மாற்றிவிட்டால், அவ்வினை நின்றுவிட வேண்டும்.

இதைச் செய்ய மின்கலம் தேவையில்லை. செம்பை விட வினைத்திறன் மிக்க நாகம், இரும்பு போன்ற உலோகத் துண்டு ஒன்றை அதனுடன் தொடுத்தாலே போதும். கடல்நீரில் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு வோல்ட்டா அடுக்காக அமையும். அதில் நாகம் கரையும், செம்பு கரையாது. பட்டாணி அளவுள்ள ஒரு நாகத் துண்டோ ஓர் இரும்பு ஆணியின் முனையோ 40 முதல் 50 சதுர அங்குலச் செம்பைக் காக்கப் போதுமானதாக இருந்தது. நாகத்தைத் தகட்டின் எந்த மூலையில் வைத்தாலும், மெல்லிய கம்பியால் மட்டுமே இணைத்தாலும் காப்பு கிட்டியது. அலாரம் கப்பலில் செம்பு இரும்பை அழித்த அதே விளைவைத் தலைகீழாகத் திருப்பி, இரும்பை இழந்து செம்பைக் காக்கும் வழியாக டேவி மாற்றினார் எனலாம்.

அடுத்ததாக, போர்ட்சுமவுத் துறைமுகத்தின் ஓடும் நீரில் செப்புத் தகடுகள் பல வாரங்கள் வைக்கப்பட்டன. காக்கும் உலோகத்தின் பரப்பு செம்பின் பரப்பில் 1/40 முதல் 1/150 வரை இருந்தபோது செம்பு சிறிதும் அரிக்கப்படவில்லை. 1/200 க்கும் கீழே குறைந்தபோது செம்பு எடை இழக்கத் தொடங்கியது. காக்கும் உலோகமாக வார்ப்பிரும்பையே டேவி பரிந்துரைத்தார். அது மலிவானது, எளிதில் கிடைப்பது, நாகத்தை விடவும் தேனிரும்பை விடவும் நெடுநாள் உழைப்பது. அதன் இரும்பு கரைந்த பின் எஞ்சும் காரீய வடிவக் கரியும் மின்வினைக்குத் தடையாக இருப்பதில்லை. இச்சோதனைகளில் பாரடே துணை புரிந்தார்.

கப்பல்களில் சோதனை

கொச்சியில் கட்டப்பட்ட சமராங் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் 1824 இல் இம்முறையால் காக்கப்பட்ட முதல் கப்பல்களுள் ஒன்றாகும். அதன் முன்பகுதியில் இரண்டும் பின்பகுதியில் இரண்டுமாக நான்கு வார்ப்பிரும்புக் கட்டிகள் பொருத்தப்பட்டன. அவற்றின் மொத்தப் பரப்பு செம்பின் பரப்பில் ஏறத்தாழ 1/80 ஆகும். கப்பல் நோவா இசுக்கோசியா சென்று 1825 சனவரியில் திரும்பியது.

இதற்கிடையில் 1824 ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், விரைந்து செல்லும் கப்பலில் இக்காப்பு எவ்வாறு செயல்படும் என்பதை அறிய, கோமெட் என்ற நீராவிக் கப்பலில் டேவி வடகடலைக் கடந்து இசுக்காண்டிநேவிய நாடுகளுக்குச் சென்றார். இப்பயணத்தில் சுவீடனின் வேதியியலாளர் பெர்சீலியசைச் சந்தித்தார்.

சமராங் கப்பலின் அடிப்பகுதி முழுவதும் பாசியும் கொட்டலசும் மூடியிருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. டேவி போர்ட்சுமவுத்துக்குச் சென்று, கப்பல் உலர்துறையில் ஏற்றப்பட்டவுடன் நேரில் பார்வையிட்டார். பின்பகுதிக் கட்டிகளைச் சுற்றிச் சிறிதளவு துருவும் அதன்மேல் சில கடலுயிர் வளர்ச்சியும் இருந்ததைத் தவிர, தகடு தூய்மையாகவே இருந்தது என்று அவர் தமது அடுத்த கட்டுரையில் மறுத்தெழுதினார்.

தோல்வியும் அதன் காரணமும்

சமராங் கப்பல் பற்றிய செய்தி தவறாக இருக்கலாம். ஆனால் செய்தித்தாள்கள் குறிப்பிட்ட ஆபத்து உண்மையானது. காக்கப்பட்ட வேறு கப்பல்கள் திரும்பியபோது அவற்றின் செம்பு கெடாமல் இருந்தது. ஆனால் அதன்மீது பாசிகளும் கொட்டலசுகளும் அடர்ந்து ஒட்டியிருந்தன. அவை வேகம் குன்றி, திருப்ப முடியாமல் தடுமாறின. போர்க்கப்பலுக்கு வேகமே உயிர் என்பதால், 1825 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் கடலோடும் கப்பல்களில் இருந்து காப்புக் கட்டிகளை அகற்றக் கடற்படை ஆணையிட்டது.

இதற்கான காரணம் பின்னாளில் நன்கு விளங்கியது. செம்பு கடல்நீரில் சிறிது சிறிதாகக் கரையும்போது வெளிவரும் செப்பு அயனிகள் கடலுயிர்களின் இளநிலைகளுக்கு நஞ்சாகின்றன. அதனால்தான் செப்புப் போர்வை இட்ட கப்பலில் எதுவும் ஒட்டுவதில்லை. கரைவது நின்றால் நஞ்சும் நின்றுவிடும். மேலும், எதிர்மின் தன்மை பெற்ற பரப்பை ஒட்டிய நீர் காரத்தன்மை அடைவதால், கடல்நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் சேர்மங்கள் அதன்மீது வெண்படிவாகப் படிகின்றன. கடலுயிர்கள் பற்றிக்கொள்ள இப்படிவு ஏற்ற தளமாக அமைகிறது. இப்படிவை டேவியும் கவனித்தார். அதனால் செம்பு சிறிதே கரையும் வண்ணம் கட்டியின் அளவைக் குறைத்துப் பார்த்தார். ஆனால் கடலின் வெப்பமும், கப்பலின் வேகமும், துறைமுகத்தில் நிற்கும் காலமும் மாறிக்கொண்டே இருக்கும்போது அத்தகைய நுண்ணிய சமநிலையைப் பேணுவது இயலாததாக இருந்தது.

சுருங்கக் கூறின், செம்பு அழியாமல் காக்க வேண்டும் என்ற கோரிக்கையை டேவி முழுமையாக நிறைவேற்றினார். ஆனால் அழிவதன் மூலமே செம்பு கப்பலைத் தூய்மையாக வைத்திருந்தது. வேதியியலில் கிடைத்த வெற்றியே கப்பலுக்குக் கேடாக முடிந்தது. கட்டளை இட்ட கடற்படையும் இதனை முன்னரே அறிந்திருக்கவில்லை எனினும், கேலியும் பழியும் டேவியின் மீதே விழுந்தன. காப்பு விளக்கு ஈட்டித் தந்த புகழுக்குப் பின் வந்த இவ்வீழ்ச்சி அவரைக் கடுமையாகப் பாதித்தது.

இறுதிக்காலம்

அரச கழகத்திலும் டேவியின் நிலை எளிதாக இருக்கவில்லை. 1824 இல் பாரடே உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படுவதை அவர் எதிர்த்தது, இருவருக்கும் இடையே இருந்த உறவில் விரிசலை உண்டாக்கியது. தாம் வளர்த்த மாணவரின் உயர்வை அவர் ஏற்க மறுத்தது இன்றும் அவரது வாழ்வின் ஒரு குறையாகவே எண்ணப்படுகிறது.

1826 இல் டேவி மின்மாற்றங்களுக்கும் வேதிமாற்றங்களுக்கும் உள்ள தொடர்பு பற்றித் தமது இறுதி பேக்கரியன் விரிவுரையை ஆற்றினார். இதற்காக 1827 இல் அரச பதக்கம் வழங்கப்பட்டது. 1826 ஆம் ஆண்டின் இறுதியில் பக்கவாதத்தால் தாக்குண்டு, 1827 இல் தலைவர் பதவியில் இருந்து விலகினார். எஞ்சிய காலத்தில் ஐரோப்பாவில் பயணம் செய்து, மீன்பிடித்தல் பற்றி ஒரு நூலை எழுதினார். இறுதியாக எழுதிய மெய்யியல் உரையாடல்கள் அவரது மறைவுக்குப் பின் 1830 இல் வெளிவந்தன. 1829 ஆம் ஆண்டு மே 29 அன்று சுவிட்சர்லாந்தின் செனீவா நகரில் தமது 50 ஆவது வயதில் காலமானார். அந்நகரின் பிளான்பலே இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

எஃகும் நாகப் பூச்சும்

டேவியின் கொள்கை செம்பில் இருந்து இரும்புக்கு மாறியபோதுதான் அதன் உண்மையான பயன் வெளிப்பட்டது. இரும்புக்குச் செம்பைப் போல நஞ்சூட்டும் பணி கிடையாது. அதனிடம் எதிர்பார்க்கப்படுவது வலிமை மட்டுமே. ஆகவே அது கரையாமல் தடுப்பதால் இழப்பு ஏதும் இல்லை. டேவியின் உறவினரும் அயர்லாந்தில் வேதியியல் பேராசிரியராக விளங்கியவருமான எட்மண்ட் டேவி, 1829 அளவிலேயே கடல் மிதவைகளின் இரும்புப் பகுதிகளை நாகத் துண்டுகளால் காத்துக் காட்டினார்.

இரும்பின் மீது நாகத்தைப் பூசும் எண்ணம் டேவிக்கு முற்பட்டது. உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்த்துப் பூசும் முறையை 1742 இல் பிரெஞ்சு வேதியியலாளர் மலுவான் அந்நாட்டு அறிவியல் கழகத்தில் விளக்கியிருந்தார். ஆனால் அப்பூச்சு ஒரு மேற்பூச்சு என்றே கருதப்பட்டது. 1837 இல் பிரெஞ்சுப் பொறியாளர் இசுட்டனிசுலாசு சொரெல் தோய்ப்பு முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாகம் இரும்பை மின்வினையால் காக்கிறது என்பதை உணர்ந்து, மின்னாய்வின் முன்னோடியான கால்வானியின் பெயரைத் தழுவி அம்முறைக்குப் பெயரிட்டார். இன்று கடைகளில் ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. குழாய் என்று வழங்கப்படும் பெயர்களில் உள்ள முதல் எழுத்து கால்வானியைக் குறிப்பதே ஆகும். தோய்ப்பு முறையில் வெளியில் இருந்து மின்சாரம் ஏதும் செலுத்தப்படுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இம்முறையில் எஃகு முதலில் அமிலத்தில் கழுவப்பட்டுத் துரு நீக்கப்படுகிறது. பின்னர் இளக்கி உப்புக் கரைசலில் நனைக்கப்பட்டு, ஏறத்தாழ 450 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகிய நாகத்தில் தோய்க்கப்படுகிறது. நாகமும் இரும்பும் வினைபுரிந்து கலப்புலோக அடுக்குகளை உண்டாக்குவதால் பூச்சு எஃகுடன் உறுதியாகப் பிணைகிறது. இப்பூச்சு இருவகையில் காக்கிறது.

முதலாவது, தடுப்பு. காற்றுப்பட்ட நாகத்தின் மேல் நாளடைவில் நாகக் கார்பனேட்டு அடங்கிய ஒரு மங்கிய சாம்பல் நிறப் படலம் உருவாகிறது. இது எளிதில் கரைவதில்லை. ஆகவே அடியில் உள்ள நாகம் மிக மெதுவாகவே அழிகிறது.

இரண்டாவது, டேவி கண்ட மின்வினைக் காப்பு. நாகத்தின் நியம மின்முனை அழுத்தம் -0.76 வோல்ட்டு, இரும்பின் அழுத்தம் -0.44 வோல்ட்டு, செம்பின் அழுத்தம் +0.34 வோல்ட்டு. பூச்சில் கீறல் விழுந்து எஃகு வெளிப்பட்டாலும், ஈரம் பட்டவுடன் சுற்றியுள்ள நாகமே நேர்மின்வாயாகிக் கரைகிறது. எஃகு எதிர்மின்வாயாகி நிலைக்கிறது. வெள்ளீயம் பூசிய தகட்டில் இது நேர்மாறாக நிகழும். வெள்ளீயத்தின் அழுத்தம் -0.14 வோல்ட்டு என்பதால், கீறல் விழுந்த இடத்தில் இரும்பே நேர்மின்வாயாகி, பூச்சில்லாத இரும்பை விடவும் விரைவாகத் துருப்பிடிக்கும். ஏல் துறைமுகத்துக் கதவுகளில் இரும்புக்கு நேர்ந்ததும் இத்தகையதே.

நாகத்தின் காப்புக்கும் எல்லை உண்டு. அது தன்னைச் செலவிட்டே எஃகைக் காப்பதால், பூச்சின் தடிமனைப் பொறுத்தே அதன் ஆயுள் அமைகிறது. உப்புக்காற்று வீசும் கடற்கரைகளிலும் அமிலப் புகை மிக்க தொழிற்பகுதிகளிலும் பூச்சு விரைவில் தேய்கிறது. கீறல் மிக அகலமாக இருந்தாலும் அதன் நடுப்பகுதிக்குக் காப்பு எட்டாது.

நிலத்தடிக் குழாய்களுக்கும் இக்கொள்கை பின்னர் விரிவாக்கப்பட்டது. 1928 இல் அமெரிக்கப் பொறியாளர் இராபர்ட் கூன் நியூ ஓர்லியன்சில் எரிவளிக் குழாய் ஒன்றை மின்னோட்டம் செலுத்தி அரிமானத்தில் இருந்து காத்தார். எதிர்மின்வாய்க் காப்பு எனப்படும் இத்துறையின் தொடக்கமாக டேவியின் 1824 ஆம் ஆண்டுக் கட்டுரையே கொள்ளப்படுகிறது.

இன்றைய எஃகுக் கப்பல்களில் டேவி எதிர்கொண்ட முரண்பாடு வேறு வகையில் தீர்க்கப்பட்டுள்ளது. எஃகு துருப்பிடிக்காமல் இருக்க நாகம் அல்லது அலுமினியக் கட்டிகள் அடிப்பகுதியில் பொருத்தப்படுகின்றன. கடலுயிர்கள் ஒட்டாமல் இருக்கச் செப்பு ஆக்சைடு கலந்த வண்ணப்பூச்சு பூசப்படுகிறது. அழிந்து காப்பதும், நஞ்சூட்டித் தூய்மையாக்குவதும் ஒரே உலோகத்தின் மேல் சுமத்தப்படாமல் தனித்தனியே பிரிக்கப்பட்டுவிட்டன.

நினைவு

- காப்பு விளக்குக்காகச் சுரங்க உரிமையாளர்கள் டேவிக்கு அளித்த வெள்ளிப் பாத்திரங்களை விற்றுக் கிடைத்த தொகையைக் கொண்டு அரச கழகம் 1877 முதல் வேதியியல் ஆய்வுகளுக்கு டேவி பதக்கத்தை வழங்கி வருகிறது.
- பிறந்த ஊரான பென்சான்சில் 1872 இல் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது. சிலையின் கையில் காப்பு விளக்கு உள்ளது.
- நிலவில் உள்ள பள்ளம் ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.

அரிமானத் தடுப்புக்கென்று டேவிக்குத் தனி நினைவுச் சின்னம் எழுப்பப்படவில்லை. ஆயினும் மின்கோபுரங்கள், பாலங்களின் கைப்பிடிகள், வீட்டுக் கூரைகள், தண்ணீர்க் குழாய்கள் எனச் சாம்பல் நிறப் பூச்சுடன் வெயிலிலும் மழையிலும் நிற்கும் எஃகுப் பொருள்கள் அனைத்தும், கடற்படை கைவிட்ட அவரது கொள்கையினாலேயே கீறல் விழுந்த பின்னும் துருவின்றி நிலைக்கின்றன.